நூற்பா உண்டு, உரை இல்லை: ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதிகளும் மேல்நிலை ஆங்கிலச் சொல்வளமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் மாணவர்கள் மேல்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பதற்குப் பெரிதும் சார்ந்திருக்கும் கருவி, ஆங்கிலத் தலைச்சொல், ஆங்கில விளக்கம், தமிழ் நிகர்ச்சொல் என மூன்று அடுக்குகளைக் கொண்ட அகராதியாகும். சென்னைத் தியாகராய நகரின் பதிப்புலகம் இவ்வகை அகராதியைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசேர்த்தது. சொல்லின் பொருளை அறிவிப்பதில் இவ்வகராதி வெற்றிபெற்றுள்ளது. சொல்லின் ஆட்சியைக் கற்பிப்பதில் பின்தங்கியுள்ளது. இக்குறையைத் தொல்காப்பிய உரியியலின் பொருள்கோட்பாட்டைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. குறையைக் களைவதற்குத் தமிழ் இலக்கண அறிவே தேவை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இருமொழி அகராதி, உரியியல், நிகண்டு, சொல்லாட்சி, கல்விசார் சொற்பட்டியல், தியாகராய நகர்.

முன்னுரை

ஆங்கிலச் சொல்வளம் தமிழ்நாட்டில் மொழியறிவாக மட்டும் கருதப்படுவதில்லை. வேலைவாய்ப்பு, உயர்கல்வி, சமூக மதிப்பு ஆகிய மூன்றும் அதனோடு பிணைந்துள்ளன. இப்பிணைப்பைச் சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கண்கூடாகக் காணலாம். மயிலாப்பூர் லஸ் பகுதியின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் சொல்வளம் பெருக்கும் ஆங்கில நூல்கள் நெடுங்காலமாக விற்பனையாகி வருகின்றன. தியாகராய நகரில் அகராதிப் பதிப்பகமும் பேச்சு ஆங்கிலப் பயிற்சி நிலையங்களும் உள்ளன. 1959இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை அடுத்த அடையாற்றுப் பகுதியில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குச் சொற்பட்டியல்களை மனனம் செய்த மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்துள்ளனர். 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போட்டித்தேர்வு எழுதுவோர் நாள்தோறும் அமர்ந்து படிக்கின்றனர்.

இம்முயற்சிகளில் உழைப்புக்குக் குறைவில்லை. எனினும் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், படிக்கும்போது அடையாளம் காணும் ஆங்கிலச் சொற்களை எழுதும்போது பயன்படுத்த இயலாமல் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு மாணவரின் நினைவாற்றலோ முயற்சியோ காரணமாகச் சொல்லப்படுவதே வழக்கம். அவர் கையில் தரப்பட்ட கருவியின் அமைப்பு ஆராயப்படுவதில்லை. அவ்வமைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகண்டு மரபும் சொற்பட்டியலும்

சொற்களைப் பட்டியலாகத் தொகுத்து மனனம் செய்வது தமிழ்க் கல்விக்குப் புதியதன்று. திவாகரம் தொடங்கி நிகண்டுகள் சொற்களைத் தொகுதிகளாகப் பகுத்தன. தெய்வப்பெயர் முதல் ஒலிபற்றிய பெயர் வரையான பத்துத் தொகுதிகள் பொருள்வகையால் அமைந்தன. பதினொன்றாவது ஒருசொல் பல்பொருளையும், பன்னிரண்டாவது பல்பொருட் கூட்டத்து ஒருபெயரையும் கூறின. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டு மனனப் பாடமாக இருந்தது. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, இச்சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்தது.

பயிற்சி நிலையங்கள் வழங்கும் ஆங்கிலச் சொற்பட்டியல் வடிவத்தால் நிகண்டை ஒத்தது. ‘கோபம்’ என்னும் தலைப்பின்கீழ்ப் பத்து ஆங்கிலச் சொற்களும் ‘புகழ்ச்சி’ என்னும் தலைப்பின்கீழ் வேறு பத்தும் தொகுக்கப்படுகின்றன. ஆனால் கல்விமுறையில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நிகண்டு கற்ற மாணவர் அதனோடு நின்றுவிடவில்லை. மனனம் செய்த சொற்களை அவர் ஆசிரியரிடம் செய்யுள் பாடம் கேட்கும்போது மீண்டும் மீண்டும் எதிர்கொண்டார். நிகண்டு தந்த பொருளுக்கு இலக்கியம் ஆட்சியைத் தந்தது. இன்றைய சொற்பட்டியலுக்கு அத்தகைய பாடநூல் துணை பெரும்பாலும் இல்லை. பட்டியலைத் தாண்டி ஆங்கில உரைநடையைத் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு வீட்டிலோ பள்ளியிலோ கிடைத்தவர்களுக்கு மட்டுமே அது பயன்தருகிறது. ஆகவே ஒரே பட்டியல் இருவகை மாணவருக்கு இருவகை விளைவைத் தருகிறது.

மூவடுக்கு அகராதியின் வரலாற்றுப் பங்கு

ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் தரும் அகராதிப் பணியைச் சமயப் பணியாளர்கள் தொடங்கினர். சென்னை வேப்பேரியிலிருந்து பணியாற்றிய பெப்ரீசியசின் அகராதிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்தன. இருபதாம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை உருவாக்கியது. அது 1965இல் நிறைவுற்றது. அறிவியல், சட்டம், மருத்துவம் முதலிய துறைச் சொற்களுக்குத் தமிழ் நிகர்களை வழங்கிக் கலைச்சொல்லாக்கத்திற்குத் துணைசெய்தது அதன் தனிச்சிறப்பாகும்.

மாணவர் கைக்கும் குடும்பத்தின் அலமாரிக்கும் அகராதியைக் கொண்டுசென்ற பெருமை தியாகராய நகரின் லிட்டில் பிளவர் கம்பெனியைச் சாரும். ‘லிப்கோ’ என்னும் சுருக்கப்பெயர் தமிழ்நாட்டில் ஆங்கில அகராதிக்கே மறுபெயராக வழங்கும் அளவிற்கு அதன் ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பரவின. நூலகமோ ஆங்கில ஆசிரியரோ இல்லாத ஊர்களில் ஆங்கிலத்திற்கான வாயிலாக அவை இருந்தன. இவ்வரலாற்றுப் பங்கை ஏற்றுக்கொண்ட பின்னரே அவ்வகையின் வரம்பைப் பேசுவது முறையாகும்.

ஆங்கில விளக்கத்தையும் தாய்மொழி நிகரையும் ஒருங்கே தரும் மூவடுக்கு அமைப்பு பிற்போக்கானது என்னும் கருத்து மொழி ஆசிரியர்களிடையே உண்டு. அதற்கு ஆய்வுச் சான்று துணைநிற்கவில்லை. இசுரேலில் லாஃபர், ஹாதார் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒருமொழி அகராதி, இருமொழி அகராதி, இரண்டையும் இணைத்த அகராதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது; இணைத்த வகையே பொதுவாகக் கூடுதல் பயன் தந்ததாக அது காட்டியது. எனவே மூன்று அடுக்குகள் இருப்பது குறையன்று. அவ்வடுக்குகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதே வினா.

உரியியல் தரும் அளவுகோல்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலாகிய உரியியல், அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதியாகும். பயின்ற சொல்லைக் கொண்டு பயிலாத சொல்லை விளக்குவது அதன் நெறி. ஒருசொல் பலபொருளுக்கும், பலசொல் ஒருபொருளுக்கும் உரியவாதலை அது முதலிலேயே எடுத்துரைக்கிறது. இயலின் இறுதிப்பகுதி மூன்று கருத்துகளை முன்வைக்கிறது. பொருளாகச் சொல்லப்பட்ட சொல்லுக்கும் பொருள் கேட்கத் தொடங்கினால் அதற்கு எல்லை இராது. உணர்த்த வல்லவர் உணர்த்தினால் பொருள் தவறாது. உணர்வதற்கான வழி, உணர்பவரின் ஆற்றலைச் சார்ந்தது. அகராதியியலின் மையச் சிக்கல்கள் இம்மூன்றில் அடங்கியுள்ளன.

முதற்கருத்தை மேலைநாட்டு அகராதியியல் இருபதாம் நூற்றாண்டில் வேறுவழியில் எதிர்கொண்டது. வங்காளத்தில் டாக்காவில் கல்விப்பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935இல் எண்டிகாட்டுடன் இணைந்து வெளியிட்ட அகராதியில், ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களுக்குள் விளக்கினார். விளக்கத்திற்கான சொற்களை வரையறுத்ததால் பொருளுக்குப் பொருள் தேடும் தொடர் ஓரிடத்தில் நின்றது. இந்திய மாணவரின் இடர்ப்பாட்டிலிருந்து பிறந்த தீர்வு இது என்பது குறிப்பிடத்தக்கது.

உரியியலிலிருந்து பெறத்தக்க இன்னொரு பாடம், நூற்பாவுக்கும் உரைக்கும் உள்ள உறவாகும். உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதிப் பொருளன என நூற்பா தொகுத்துக் கூறுகிறது. ஆயினும் உறுபொருள், தவச்சிறிது, நனிநன்று என்னும் வழக்குகளில் அவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றியமைத்தால் தொடர் இயல்பு குன்றுகிறது. எச்சொல் எதனோடு சேரும் என்பதை நூற்பா சொல்வதில்லை. இளம்பூரணர், சேனாவரையர் முதலிய உரையாசிரியர்களின் எடுத்துக்காட்டுகளே அதைக் காட்டுகின்றன. நூற்பாவும் உரையும் இணைந்தே சொல்லறிவாகின்றன.

இந்த அளவுகோலால் நோக்கும்போது மூவடுக்கு அகராதியின் நிலை தெளிவாகிறது. தலைச்சொல்லுக்கு எதிரே காற்புள்ளியிட்டு அடுக்கப்படும் தமிழ் நிகர்கள் நூற்பாவின் பணியைச் செய்கின்றன. உரையின் பணியைச் செய்யும் எடுத்துக்காட்டுத் தொடர்களும் ஆட்சிக் குறிப்புகளும் பெரும்பான்மைப் பதிவுகளில் இடம்பெறுவதில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும் திசையில் இந்நிலை இல்லை என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இலக்கிய மேற்கோள்களைத் தந்தது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழ் விளக்கம், ஆங்கில நிகர் ஆகியவற்றோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் அமைத்தது. தமிழைக் கற்போருக்கு இந்நகரம் உரையோடு கூடிய அகராதியைத் தந்துள்ளது. ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு நூற்பாவை மட்டும் பெரிதும் தந்துள்ளது.

மூன்று சோதனைகள்

இக்குறையின் விளைவை மூன்று வகைச் சொற்களைக் கொண்டு சோதிக்கலாம். இங்குக் காட்டப்படுவன குறிப்பிட்ட ஓர் அகராதியின் பதிவுகள் அல்ல. பதிவு வடிவத்தின் தன்மையை விளக்க அமைக்கப்பட்டவை.

முதலாவது, வினையின் தன்மை. ‘அலீவியேட்’, ‘மிட்டிகேட்’, ‘அபேட்’ ஆகிய மூன்று வினைகளுக்கும் ‘தணி’ என்று பொருள் தரலாம், பொருள் தவறாகாது. ஆனால் முதலிரண்டும் செயப்படுபொருள் குன்றா வினைகள். வலியையும் வறுமையையும் ஒருவர் ‘அலீவியேட்’ செய்கிறார். கேட்டின் கடுமையை ‘மிட்டிகேட்’ செய்கிறார். சட்ட வழக்கின் சில இடங்களை ஒதுக்கினால், ‘அபேட்’ பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றிய வினையாகவே வரும். புயல் தானே ‘அபேட்’ ஆகிறது. ‘தணி’ என்னும் பகுதியை மட்டும் கற்ற மாணவர் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை. வியப்பு என்னவெனில், தமிழே இவ்வேறுபாட்டை உருபனியல் அளவில் காட்டுகிறது. தணிதல் வேறு, தணித்தல் வேறு. தணிந்தது வேறு, தணித்தது வேறு. பேரிடர் மேலாண்மைத் துறையில் ‘பேரிடர் தணிப்பு’ என வழங்குகிறதேயன்றிப் ‘பேரிடர் தணிவு’ என வழங்குவதில்லை. முன்னது மனித முயற்சி, பின்னது இயற்கை நிகழ்வு. ‘அபேட்’ என்பதற்குத் ‘தணிதல்’ என்றும் மற்ற இரண்டிற்குத் ‘தணித்தல்’ என்றும் எழுதியிருந்தால், கூடுதல் இடம் ஏதுமின்றி ஓர் இலக்கணப் பிழை தவிர்க்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, சொல்லின் மதிப்பீடு. ‘அப்சீக்வியஸ்’ என்னும் சொல்லுக்குப் ‘பணிவு மிகுந்த’ என்று பொருள் தந்தால், வேலைக்கான விண்ணப்பத்தில் தம்மை அச்சொல்லால் விவரித்துக்கொள்ளும் மாணவரைக் குறைகூற இயலாது. அச்சொல் புகழ்ச்சி அன்று, இகழ்ச்சி. ‘கூழைக்கும்பிடு போடுகிற’ என்னும் வழக்குத்தொடர் அவ்விகழ்ச்சியைத் துல்லியமாகத் தருகிறது. ஆனால் அகராதித் தமிழ், பேச்சுவழக்கை விலக்கி எழுத்துநடைச் சொல்லையே நாடுவதால், சொல்லின் மதிப்பீடு இழக்கப்படுகிறது. பணச்செலவு குறித்த சொற்களிலும் இதே நிலை. சிக்கனம், செட்டு, கருமித்தனம், கஞ்சத்தனம் எனத் தமிழில் பாராட்டிலிருந்து பழிப்பு வரை ஓர் இறங்குவரிசை உள்ளது. ‘ஃப்ருகல்’, ‘த்ரிஃப்டி’ ஆகியன அவ்வரிசையின் முற்பகுதியிலும் ‘பார்சிமோனியஸ்’, ‘ஸ்டிஞ்சி’ ஆகியன பிற்பகுதியிலும் அமைகின்றன. நான்கிற்கும் ‘சிக்கனமான’ என்று எழுதும் பதிவு, மாணவர் ஏற்கெனவே தம் மொழியில் கொண்டிருக்கும் நுண்ணறிவைப் பயன்படுத்தாமல் விடுகிறது.

மூன்றாவது, கருத்தாடலில் பங்கேற்பவரின் நிலை. ‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ ஆகிய இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றியமையாதவை. இரண்டிற்கும் ‘குறிப்பால் அறிதல்’ என்னும் அளவில் பொருள் கொண்டால் யார் செய்யும் செயல் எது என்பது மயங்கும். சொல்பவர் ‘இம்ப்ளை’ செய்கிறார். கேட்பவர் ‘இன்ஃபர்’ செய்கிறார். தமிழில் உணர்த்துதல், உணர்தல் என்னும் இணை இதே வேறுபாட்டைக் காட்டுகிறது. உரியியல் உணர்த்துபவரையும் உணர்பவரையும் தனித்தனியே பேசுவதும் இதுபற்றியே. ‘குறிப்பால் உணர்த்து’, ‘உய்த்துணர்’ என எழுதினால் மயக்கம் நீங்குகிறது.

மூன்று சோதனைகளும் ஒரே முடிவைச் சுட்டுகின்றன. ஆங்கிலச் சொல்லின் நுட்பத்தை ஏற்கும் ஆற்றல் தமிழில் குறைவாக இல்லை. அவ்வாற்றல் அகராதிப் பதிவுக்குள் கொண்டுவரப்படவில்லை.

எது மேல்நிலைச் சொல்?

எச்சொற்களை முதலில் கற்பது என்னும் வினாவும் இதனோடு தொடர்புடையது. அரிய சொல்லே உயர்ந்த சொல் என்னும் எண்ணம் பயிற்சி நிலையங்களில் வேரூன்றியுள்ளது. ஜி.ஆர்.இ. மாணவர்கள் பயன்படுத்திய பாரன்ஸ் பட்டியல் ஏறத்தாழ 3,500 சொற்களைக் கொண்டது. 2011 ஆகஸ்டில் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது எதிர்ச்சொல், ஒப்புமை ஆகிய வினாவகைகள் நீக்கப்பட்டன. சொல்லைத் தனித்து அறிவதைக் காட்டிலும் தொடருக்குள் வைத்து அறிவதற்கு முதன்மை தரப்பட்டது. தேர்வை நடத்துவோரே கைவிட்ட முறையைச் சொற்பட்டியல் வணிகம் இன்றும் முற்றிலும் கைவிடவில்லை.

இதற்கு மாற்றான அணுகுமுறை ஆய்வுலகில் உள்ளது. நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் 570 சொற்குடும்பங்களைக் கொண்டது. வெஸ்ட் 1953இல் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 சொற்களின் பொதுப்பட்டியலுக்கு அப்பால், பலதுறைக் கல்வி நூல்களில் பரவலாக வரும் சொற்கள் இவை. கல்விசார் உரைநடையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுச் சொற்கள் இப்பட்டியலைச் சேர்ந்தவை என அவர் கண்டார். எழுத்துநூல் ஒன்றைத் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என 2006இல் பால் நேஷன் மதிப்பிட்டார். அவ்வெண்ணிக்கையைப் பட்டியல் மனனத்தால் எட்ட முயல்வது வீண்முயற்சி. தொடர்ந்த வாசிப்பே அதற்கு வழி. ஆனால் வாசிப்பைத் தொடங்குவதற்குத் தேவையான 570 சொற்குடும்பங்களைத் திட்டமிட்டுக் கற்பிக்க இயலும். ‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ இரண்டும் அவற்றுள் அடங்கும்.

எழக்கூடிய மறுப்புகள்

கைப்பேசியில் தரமான ஆங்கில ஒருமொழி அகராதிகள் கிடைக்கும் காலத்தில் மூவடுக்கு அகராதியைச் சீர்திருத்துவது தேவையா என்னும் மறுப்பு எழலாம். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட கற்போர் அகராதி தொட்டு இவ்வகராதிகள் வினையமைப்பையும் ஆட்சியையும் விளக்கி வருகின்றன என்பது உண்மையே. ஆனால் உலகின் எல்லா மாணவருக்கும் பொதுவாக எழுதப்பட்ட அகராதி, தணிதலுக்கும் தணித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு விளக்க இயலாது. அதன் விளக்கச் சொற்களையே இன்னும் கல்லாதவருக்கு அது பயன்படுவதும் இல்லை.

பதிவு நீண்டால் நூலின் விலை உயரும் என்பது மற்றொரு மறுப்பு. மலிவு விலையே தியாகராய நகர் அகராதிகளின் பரவலுக்குத் துணைசெய்தது என்பதால் இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் மேலே கண்ட திருத்தங்களில் பல இடத்தைக் கூட்டுவன அல்ல. ஒரு நிகரை நீக்கிப் பொருத்தமான வேறொன்றை வைப்பன. தேவையற்ற ஐந்து நிகர்களின் இடத்தில் ஒரு தொடரை அமைக்கலாம். எடுத்துக்காட்டாக, ‘மிட்டிகேட்’ என்னும் பதிவு இவ்வாறு அமையலாம்: செயப்படுபொருள் குன்றா வினை; கேடு, பாதிப்பு, தண்டனை ஆகியவற்றின் கடுமையைத் தணித்தல்; ‘தணிதல்’ என்னும் பொருளில் வாராது; கரையோரச் சதுப்பு நிலம் வெள்ளத்தின் பாதிப்பைத் தணிக்கிறது.

முடிவுரை

ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் பெரும்பணி ஆற்றியுள்ளது. அதன் மூவடுக்கு அமைப்பு ஏற்கத்தக்கது. நிகர்ச்சொற்களைத் தொகுப்பதோடு நின்று, வினைத்தன்மை, மதிப்பீடு, சேர்க்கை ஆகியவற்றை உணர்த்தாமல் விடுவதே அதன் குறை. இக்குறையின் சுமையைத் தமிழ்வழி பயின்ற முதல் தலைமுறை மாணவரே மிகுதியாகச் சுமக்கின்றனர். வீட்டில் ஆங்கில நூல் வாசிப்பு உள்ள மாணவர் அகராதி விட்ட இடத்தைப் பிறவழியில் நிரப்பிக்கொள்கின்றனர். மற்றவருக்கு அகராதியே ஆசிரியர்.

மேல்நிலை ஆங்கிலச் சொல்வளம் ஆங்கிலத் துறைக்கு மட்டும் உரிய பொறுப்பு என்னும் கருத்தும் மறுபரிசீலனைக்கு உரியது. மேலே காட்டப்பட்ட திருத்தங்கள் ஒவ்வொன்றும் தமிழின் வினை இலக்கணம், வழக்குச்சொல் வளம், உரைமரபு ஆகியவற்றை அறிந்தவரால் செய்யத்தக்கவை. கல்விசார் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்களுக்குத் தமிழில் ஆட்சிக் குறிப்பும் எடுத்துக்காட்டும் எழுதுவது, தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அளவான பணியாகும். அவ்வாறு எழுதப்படும் உரை, முதல் தலைமுறை மாணவருக்கு ஆங்கிலத் தொடரைப் பிழையின்றி எழுதும் துணிவைத் தரும். ஆங்கிலக் கோட்பாட்டு நூல்களைப் படித்துத் தமிழில் ஆய்வு எழுதுவோருக்கும் அது பயன்படும்.